சென்னை - சான்பிரான்சிஸ்கோ: தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால் நம்மில் பலர் முதலில் தேடும் விஷயங்களில் ஒன்று, "இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம்? போய்ச் சேர எத்தனை மணி நேரம்?" என்பதுதான். தேடுதல் கட்டத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களை டைப் செய்து என்டர் தட்டினால் நொடியில் பதில் வந்துவிடும். ஆனால் ஒரு தளம் 17 மணி நேரம் என்கிறது; இன்னொன்று 23 மணி நேரம் என்கிறது; கையில் உள்ள டிக்கெட்டைப் பார்த்தால் 11 மணி நேரம்தான் வருகிறது! இதில் எது சரி?

மூன்றுமே சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு விமானத்தையே தவற விட்டோம். அந்தக் கதையுடன் தொடங்குகிறேன்.

என்ன நடந்தது?

2018ம் ஆண்டு ஜூன் மாதம். அக்காவுக்குப் பிரசவ நேரம். மாமாவுக்குச் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் வேலை. துணைக்கு அம்மா போக வேண்டும். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். சென்னையிலிருந்து ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் போய், அங்கே விமானம் மாறி சான்பிரான்சிஸ்கோ செல்லும்படி மாமா டிக்கெட் எடுத்து மெயிலில் அனுப்பியிருந்தார். நான் அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவன். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறவன், பார்த்துச் சொல்லுடா" என்றார் அப்பா. பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். "14 ஜூன், 01:50" என்று இருந்தது. "பதினாலாம் தேதி ராத்திரி ஒன்றே முக்காலுக்கு மேல ஃபிளைட்" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அதை நம்பி, 14ம் தேதி காலை சென்னை வந்து சேரும்படி ரயிலில் முன்பதிவு செய்தார். பகலில் சித்தி வீட்டில் ஓய்வு, இரவில் விமான நிலையம் என்பது திட்டம். 14ம் தேதி காலை ரயில் தாம்பரத்தை நெருங்கும்போது மாமாவிடமிருந்து போன். "அத்தை நல்லபடியா ஏறிட்டாங்களா?"

விமானம் புறப்பட்டு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. 24 மணி நேரக் கணக்கில் 14ம் தேதி 01:50 என்றால், 13ம் தேதி இரவு முடிந்து 14 பிறந்தவுடன் வரும் 1 மணி 50 நிமிடம். நாம் பேச்சுவழக்கில் அதை "பதிமூணாம் தேதி ராத்திரி" என்போம். கம்ப்யூட்டருக்கு நம் பேச்சுவழக்கு தெரியாது. தேதியை அது நள்ளிரவு 12 மணிக்கே மாற்றிவிடும்.

புது டிக்கெட் 17ம் தேதிக்குத்தான் கிடைத்தது. அதற்கு ஏறக்குறைய இன்னொரு முழு டிக்கெட் பணம் செலவானது. குழந்தை 16ம் தேதியே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்கா தனியாக இருந்தாள். தவறு டிக்கெட்டில் இல்லை. அதைப் படித்த என்னிடம் இருந்தது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி: தூரம்

உலக வரைபடத்தை விரித்து, சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது குறுகிய பாதை அல்ல. பூமி உருண்டை. அதைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கே உள்ள பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். உண்மையான குறுகிய பாதையைப் பார்க்க, வீட்டில் குழந்தைகளின் குளோப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையைச் சான்பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கு நோக்கி ஏறும். திபெத், மங்கோலியா, ரஷ்யாவின் சைபீரியா, பெரிங் ஜலசந்தி, அலாஸ்கா என்று ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிச் சென்று, பிறகு பசிபிக் கடல் வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கும். இந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். ஆங்கிலத்தில் கிரேட் சர்க்கிள் என்பார்கள்.

கம்ப்யூட்டரில் இதை அளக்க இரண்டு எளிய வழிகள்:

1. கூகுள் எர்த் தளத்தைப் பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள். ஸ்கேல் படம் போட்ட பட்டனைக் கிளிக் செய்யவும். சென்னை விமான நிலையத்தின் மீது ஒரு கிளிக். பிறகு மவுஸால் பூமியைச் சுழற்றி, சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் மீது இன்னொரு கிளிக். தூரம் திரையில் தெரியும்.

2. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; பிராங்க்பர்ட்டுக்கு எஃப்.ஆர்.ஏ.; சான்பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ. இந்த எழுத்துகளைப் புள்ளி இல்லாமல், இடையில் ஒரு சிறு கோடு போட்டு ஆங்கிலத்தில் டைப் செய்தால் தூரமும் கிடைக்கும், வளைந்த பாதையின் படமும் கிடைக்கும்.

சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர்ப் பாதை சுமார் 13,900 கி.மீ. ஆனால் அம்மாவின் டிக்கெட் நேர்ப் பாதை இல்லையே! சென்னை - பிராங்க்பர்ட் சுமார் 7,600 கி.மீ.; பிராங்க்பர்ட் - சான்பிரான்சிஸ்கோ சுமார் 9,150 கி.மீ. மொத்தம் 16,750 கி.மீ. விமானம் மாறிச் செல்வதால் மட்டும் 2,850 கி.மீ. கூடுதல். ஆகவே உங்கள் பயணத் தூரம் தெரிய வேண்டுமானால் தொடக்க ஊரையும் கடைசி ஊரையும் மட்டும் கொடுக்காதீர்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: பறக்கும் நேரம்

பெரிய பயணிகள் விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. 16,750ஐ 900ஆல் வகுத்தால் 18.6 மணி நேரம். ஆனால் அம்மாவின் டிக்கெட்டில் இரண்டு விமானங்களும் சேர்ந்து 21 மணி 20 நிமிடம். ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம், டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். அது ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்கும்போது வேகம் குறைவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இரண்டாவது காரணம், விமானம் எப்போதும் பெருவட்டப் பாதையிலேயே பறப்பதில்லை. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: காற்று.

விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் இதன் வேகம் அதிகம். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு இது பின்னாலிருந்து தள்ளிவிடும் கை. மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு இது எதிர்க் காற்று. சைக்கிளில் எதிர்க் காற்றில் மிதித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

இதற்கு அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. முதலில் அது மேற்கே அட்லாண்டிக் கடல் வழியாகச் சென்றது. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் கடல் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். தூரம் 15,300 கி.மீ.; அட்லாண்டிக் வழியை விடச் சுமார் 1,400 கி.மீ. அதிகம். ஆனால் சுமார் 14.5 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியை விட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு! தூரம் கூடியது, நேரம் குறைந்தது. பின்காற்று செய்த வேலை.

வான்வழிகள் மூடப்படுவதும் நேரத்தை மாற்றும். 2022ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாமல் போனது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்குச் சுமார் 9 மணி நேரத்தில் சென்றுகொண்டிருந்த விமானம், சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. தூரம் மாறவில்லை, பயணம் மாறிவிட்டது.

ஆகவே "தூரத்தை வேகத்தால் வகுத்த" நேரத்தைக் காட்டும் தளங்களை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை நிலவரம் வேண்டுமா? பிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமானத்தின் எண்ணைக் கொடுங்கள். கடந்த சில நாட்களில் அதே விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பட்டியல் வரும். தினமும் தாமதமாகும் விமானமா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: கடிகாரம்

விமான டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 டிகிரி. இதை வைத்தே உலக நேரங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் யு.டி.சி. நேரம். பழைய ஜி.எம்.டி.யும் நடைமுறையில் இதுவே என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியா இதற்கு 5.30 மணி முன்னால் இருக்கிறது. கோடையில் பிராங்க்பர்ட் 2 மணி முன்னால். சான்பிரான்சிஸ்கோ 7 மணி பின்னால். "கோடையில்" என்று ஏன் சொல்கிறேன்? அங்கெல்லாம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைக்கிறார்கள். குளிர்காலத்தில் பிராங்க்பர்ட் 1 மணி முன்னால், சான்பிரான்சிஸ்கோ 8 மணி பின்னால்.

இதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரம் மாறும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. திரும்ப மாற்றுவது அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு, ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு. இந்த இடைப்பட்ட நாட்களில் பயணம் என்றால் மனக்கணக்குப் போடாதீர்கள். டைம் அண்ட் டேட் தளத்தில் பயணத் தேதியைக் கொடுத்து, அன்றைய வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் போட்டுப் பாருங்கள்

இப்போது அம்மா தவறவிட்ட அந்த டிக்கெட்டையே எக்செல்லில் போட்டுப் பார்ப்போம். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் இவற்றிலும் இதே முறைதான்.

1. முதல் வரியில் தலைப்புகள்: ஏ காலத்தில் இடம், பி காலத்தில் டிக்கெட்டில் உள்ள தேதியும் நேரமும், சி காலத்தில் யு.டி.சி. வித்தியாசம், டி காலத்தில் யு.டி.சி. நேரம்.

2. இரண்டாவது வரி: சென்னை புறப்பாடு, 14-06-2018 01:50, 5.5.

3. மூன்றாவது வரி: பிராங்க்பர்ட் வருகை, 14-06-2018 08:20, 2.

4. நான்காவது வரி: பிராங்க்பர்ட் புறப்பாடு, 14-06-2018 10:20, 2.

5. ஐந்தாவது வரி: சான்பிரான்சிஸ்கோ வருகை, 14-06-2018 12:40, -7.

6. டி2 செல்லில் =பி2-சி2/24 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (காலம் எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.) பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி5 வரை இழுத்துவிடுங்கள்.

24ஆல் ஏன் வகுக்கிறோம்? எக்செல் தேதிகளை நாட்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கிறது. அதற்கு ஒரு நாள் என்றால் 1. ஒரு மணி நேரம் என்றால் 24ல் ஒரு பங்கு. டி2 செல்லில் 43264.85 என்பது போன்ற எண் வந்தால் பயப்பட வேண்டாம். அது 1900ம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள் கணக்கு. பார்மட் செல்ஸ் சென்று தேதியும் நேரமும் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 13-06-2018 20:20 என்று மாறிவிடும்.

7. இ3 செல்லில் =(டி3-டி2)*24 என்று கொடுங்கள். இதையும் இ5 வரை இழுங்கள். விடை தேதி போலத் தெரிந்தால், பார்மட்டை நம்பர் என்று மாற்றுங்கள்.

விடைகள்: முதல் விமானம் 10 மணி நேரம்; பிராங்க்பர்ட்டில் காத்திருப்பு 2 மணி நேரம்; இரண்டாவது விமானம் 11.33, அதாவது 11 மணி 20 நிமிடம். மூன்றையும் கூட்டினால் 23 மணி 20 நிமிடம்.

டிக்கெட்டை மட்டும் பார்த்தால் அதிகாலை 1.50க்குக் கிளம்பி, அதே நாள் பகல் 12.40க்கு இறங்குவது போல, 10 மணி 50 நிமிடம் என்றுதான் தோன்றும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 11 மணி நேரத்தின் ரகசியம் இதுதான். 23 மணி நேரம் என்பது விமானம் மாறுவதையும் சேர்த்த உண்மையான நேரம். 17 மணி நேரம் என்பது நேர் விமானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட மதிப்பீடு.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 14-06 என்பதை அது தேதியாக ஏற்காது. செல்லின் இடது ஓரத்தில் எழுத்துப் போல நின்றுவிடும். தேதியாக ஏற்றுக்கொண்டால் வலது ஓரத்தில் நிற்கும். இதை விட ஆபத்தானது 05-06 போன்ற தேதி. நாம் ஜூன் 5 என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது சத்தமில்லாமல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குச் சென்று இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு நாள் எங்கே போனது?

திரும்பி வரும்போது கதை தலைகீழ். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் சான்பிரான்சிஸ்கோ - பெங்களூரு நேரடி விமானம் முதன்முறையாக வட துருவத்தின் வழியே வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். ஜனவரி 9ம் தேதி இரவு 8.30 மணி அளவில் கிளம்பிய விமானம் 11ம் தேதி அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. பறந்தது சுமார் 17 மணி நேரம்தான். அப்படியானால் 10ம் தேதி எங்கே? அங்கே விமானம் கிளம்பும்போதே இந்தியாவில் 10ம் தேதி காலை 10 மணி ஆகிவிட்டது. பயணிகள் அந்தத் தேதியை வானத்திலேயே கழித்துவிட்டார்கள்.

இதனால்தான் டிக்கெட்டில் வருகை நேரத்தின் பக்கத்தில் +1, +2 என்று சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். கிளம்பிய தேதிக்கு அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள் என்று பொருள். விமான நிலையத்துக்கு அழைத்து வரச் செல்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஒரு நாள் முன்னதாகப் போய் நிற்பார்கள்.

அந்த இரண்டு மணி நேரம்

விமானம் மாறும் இடத்தில் கிடைக்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு பிராங்க்பர்ட்டில் 2 மணி நேரம் இருந்தது. முதல் விமானத்திலிருந்து இறங்கவே கால் மணி நேரம் ஆகும். அடுத்த விமானத்தின் கதவைப் புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். நடுவில் பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை. முதல் விமானம் அரை மணி தாமதமானால் மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வயதானவர்கள், முதல்முறை செல்பவர்கள் என்றால் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டு வைக்கலாம். இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவற விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருக்கும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது.

கடைசியாக ஒரு தாள்

கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் முடிந்த பிறகு, நான் இப்போது எங்கள் உறவினர் யார் பயணம் செய்தாலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அம்மாவின் பழைய டிக்கெட்டுக்கு அன்று எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

13ம் தேதி புதன்கிழமை இரவு 10.30 - விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.
புதன் முடிந்து வியாழன் பிறந்த பிறகு, அதிகாலை 1.50 - விமானம் கிளம்பும்.
வியாழன் காலை அந்த ஊர் நேரம் 8.20 - பிராங்க்பர்ட். இந்தியாவில் பகல் 11.50.
வியாழன் பகல் அந்த ஊர் நேரம் 12.40 - சான்பிரான்சிஸ்கோ. இந்தியாவில் வெள்ளி அதிகாலை 1.10.

தேதியோடு கிழமையையும், விமானம் கிளம்பும் நேரத்தோடு விமான நிலையத்துக்கு வர வேண்டிய நேரத்தையும் எழுதுவதுதான் இதில் முக்கியம். நள்ளிரவு 12லிருந்து காலை 5 மணிக்குள் கிளம்பும் விமானம் என்றால், முந்தைய நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். நம் ஊர்களிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல இந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன.

அன்று பிறந்த அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன முறை அம்மா அங்கே போனபோது இந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிட்டு, கிளம்பும் நாளன்று மாலையே பெட்டியுடன் வாசலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் நேரம் இருக்கும்மா" என்றேன். "உன் கணக்கை நான் ஒரு தடவை நம்பியாச்சு" என்றார்.

உங்கள் வீட்டில் அடுத்து யார் வெளிநாடு போகிறார்களோ, அவர்களின் டிக்கெட்டை எடுத்து இன்றே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.